தொடாமல் பார்த்த கல்

ஐப்பசி

மூன்று நாள் மழை இன்று காலைதான் விட்டது. மொட்டை மாடியில் தண்ணீர் வடியும் குழாய்வாயில் ஒரு கைப்பிடி சேறு தங்கியிருந்தது. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த வட்டக் காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டு, வாயை முறுக்கிப் பிடித்து, சேற்றின்மேல் மெல்ல இழுத்தேன். காந்தத்தை வெறுமனே வைத்தால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. பையோடு வைத்தால், காந்தத்தை உள்ளிருந்து உருவியதும் எல்லாம் தானாகக் காகிதத்தில் உதிரும். இந்தச் சின்ன சூட்சுமம் பிடிபடுவதற்குள் ஒரு காந்தம் பாழாகிவிட்டது. இன்றும் அது தாடி முளைத்த மாதிரி அலமாரியில் கிடக்கிறது.

உதிர்ந்தது கறுப்பு. லென்ஸில் பார்த்தால் அது ஒரே கறுப்பு இல்லை. செதில்கள், முனை உடைந்த மணல், துருவேறிய இழைகள். லாரி பிரேக்கிலிருந்து தேய்ந்தது கொஞ்சம் இருக்கும், தெருமுனை வெல்டிங் பட்டறையிலிருந்து பறந்தது கொஞ்சம் இருக்கும். அரியலூரில் வீடு கட்டிக்கொண்டு மாடித் தூசியில் வானத்தைத் தேடுவதே கொஞ்சம் வேடிக்கைதான். இங்கே காற்றில் பாதி சிமெண்ட்.

ஆனால் வானமும் அதில் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 5,200 டன் விண்தூசி பூமிக்கு வந்து சேர்கிறது என்று அண்டார்டிகா பனியை உருக்கி வடிகட்டிப் பார்த்தவர்கள் 2021-ல் கணக்குச் சொன்னார்கள். 25 டன் லாரியில் ஏற்றினால் இருநூற்றுச் சொச்சம் நடை. அதைப் பூமிப் பரப்பு முழுக்கத் தூவினால் என் ஆயிரம் சதுர அடி மாடிக்கு என்ன பங்கு? உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிட்டிகை உப்பில் சில கல். அதையும் மழை அடித்துக்கொண்டு போய்விடும்.

நார்வேக்காரர் யோன் லார்சன் ஜாஸ் கிட்டார் வாசிப்பவர். கூரைக் கூரையாக ஏறி இப்படித்தான் தேடினார். அது குப்பை பொறுக்கும் வேலை என்றுதான் விஞ்ஞானிகள் முதலில் நினைத்தார்கள். 2017-ல் லண்டன் ஆய்வாளர் மாத்யூ கெஞ்ச்சோடு சேர்ந்து, ஆஸ்லோ, பாரிஸ், பெர்லின் கூரைகளில் கிடைத்த 500 விண்துகள்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். நகரத் தூசியில் அது கிடைக்காது என்ற பேச்சு அதோடு முடிந்தது.

என் காகிதத்தில் இன்று ஒரே ஒரு உருண்டை. கடுகில் ஆறில் ஒரு பங்கு இருக்கும். மினுங்கும் கறுப்பு, பிசிறில்லை. வெல்டிங் பொறியும் இப்படித்தான் உருளும், அனல் மின்நிலையச் சாம்பலிலும் இப்படி உருண்டை வரும். உள்ளே நிக்கல் இருக்கிறதா என்று எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் சொல்ல வேண்டும். ஓமியோபதி மாத்திரை வந்த குப்பி ஒன்று காலியாக இருந்தது. அதில் போட்டு மூடினேன்.

*

காந்தம் எனக்குப் பழக்கமானது சிமெண்ட் ஆலையில். சுண்ணாம்புக்கல் ஏறிவரும் பெல்ட்டுக்கு மேலே பெரிய காந்தம் ஒன்று தொங்கும். போல்ட், நட்டு, கம்பித்துண்டு என்று கல்லோடு வருவதையெல்லாம் தூக்கிவிடும். அரைவை இயந்திரத்துக்குள் இரும்பு போய்விடக் கூடாது. நாங்கள் ஆய்வகக்காரர்கள், எங்களுக்கும் அந்தக் காந்தத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் டீ குடிக்கிற நேரத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு போல்ட் கல் குவியலிலிருந்து துள்ளி எழும்பும்போது ஒவ்வொரு முறையும் சின்னப் பையன் மாதிரி மனம் குதிக்கும்.

அங்கேதான் ஒன்று கற்றுக்கொண்டேன். கல் உடைக்கும் கிரஷரின் மாங்கனீசு எஃகுத் தகடு உடைந்து பெல்ட்டில் வந்தால் காந்தம் அதைச் சீண்டாது. அதுவும் இரும்புதான், நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இரும்பு. ஆனாலும் கல்லோடு கல்லாகக் காந்தத்தைக் கடந்து போகும். அதற்காகவே உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி தனியாக வைப்பார்கள்.

இரும்பு இருக்கிறது, ஈர்ப்பு இல்லை. என்ன காரணம் என்று அன்று ஒரு மூத்தவரைக் கேட்டேன். “அடுக்கு மாறிப்போச்சு தம்பி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அணுக்கள் நிற்கும் விதம் மாறினால் அதே இரும்பு காந்தத்துக்கு அந்நியமாகிவிடும் என்பது பிறகு படித்துப் புரிந்தது. அவர் சொன்ன மூன்று வார்த்தைக்கு மேல் படிப்பிலும் அதிகம் இல்லை.

*

கார்த்திகை

குன்னத்திலிருந்து உறவுக்காரப் பையன் வந்திருந்தான். கையில் தேங்காய் அளவு உருண்டைக் கல்.

“பெரியப்பா, இது முட்டை இல்லேங்கறாங்க. அப்ப என்ன?”

2020-ல் குன்னம் பக்கம் மண் எடுத்தபோது இப்படி உருண்டைகள் வெளிப்பட்டு, டைனோசர் முட்டை என்று செல்போனில் ஊரெல்லாம் பரவியது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, கடலடிச் சேற்றில் ஏதோ ஒன்றைச் சுற்றிக் கனிமம் படிந்து படிந்து திரண்ட கட்டி என்றார்கள். பெரும்பாலும் நடுவில் இருந்தது ஓர் அம்மோனைட்; சுருள் ஓடுள்ள கடற்பிராணி. ஊருக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. முட்டையைவிட இது நீண்ட வேலை.

பையன் என் காந்தத்தை எடுத்துக் கல்லின்மேல் வைத்தான். ஒட்டவில்லை. “இவ்ளோ செவப்பா இருக்கே, இரும்பு இல்லையா?” என்றான். இருக்கிறது, துருவாக. இரும்பு நீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து மஞ்சளும் சிவப்புமாக ஆகிவிட்டால் சாதாரணக் காந்தத்துக்குக் கிட்டத்தட்ட ஊமை. அதே இரும்பு இன்னொரு கணக்கில் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கருங்காந்தக்கல், மேக்னடைட். பச்சைமலையில் பிறந்து இறங்கும் மருதையாற்று மணலில் காந்தத்தை இழுத்தால் மீசை முளைக்குமே, அது.

பையனிடம் ஸ்பீக்கர் காந்தத்தைத் திருப்பிக் காட்டினேன். “இதுவும் துருதான்டா.” நம்பவில்லை. இரும்புத் துருவோடு பேரியமோ ஸ்ட்ரான்சியமோ சேர்த்து, அழுத்தி, சூளையில் சுட்டது, ஓடு மாதிரி. கீழே போட்டால் ஓடு மாதிரியே உடையும். அதை மட்டும் செய்து காட்டவில்லை.

*

காரை கிராமத்துப் பக்கம் செம்பழுப்புக் களிமண் மேடுகள். மழை அரித்து அரித்து ஆயிரம் ஓடை. நடுவில் ஜிப்சம் நரம்புகள் வெயிலில் கண்ணாடித் தூளாக மின்னும். காலடியில் பெலம்னைட் புதைபடிவங்கள், தோட்டா மாதிரி. புவியியலாளர் பிளான்ஃபோர்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சீமையை அளந்து படம் போட்டார். ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த உயிர்ச்சுவடுகளைப் பெயர் பெயராக எழுதித் தொகுதிகளாக்கினார். உலகத்தில் எங்கே கிரெட்டேசியக் காலக் கடலைப் பற்றிப் பேசினாலும் உத்தத்தூர், அரியலூர் என்ற பெயர்கள் வரும். இங்கே பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவை டிக்கெட் வாங்கும் பெயர்கள்.

இந்த மேட்டில் உட்கார்ந்து நான் யோசிப்பது வேறு. 12 கோடி ஆண்டுக்கு முன்பிலிருந்து 8 கோடியே 30 லட்சம் ஆண்டு வரை பூமியின் காந்தம் திசை மாறாமலே கிடந்தது. அதற்கு முன்னும் பின்னும் பல முறை தலைகீழாகப் புரண்டிருக்கிறது. அந்த நீண்ட அமைதிக்குள்தான் காரைக் களிமண் முழுவதும் படிந்தது. அன்று இந்த நிலம் தென் அரைக்கோளத்தில். திசைமானி ஒன்று அன்றிருந்தால் அதன் வடமுனை வானத்தைப் பார்த்து நன்றாக நிமிர்ந்து நின்றிருக்கும். இன்று காந்த நடுக்கோடு திருநெல்வேலி வாக்கில் போகிறது. அதனால் இங்கே முள் கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கிறது. இடையில் நிலம் கடல் கடந்து வடக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் கடல்மேலும் விண்தூசி விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றியபோது, ஆழ்கடல் களிமண்ணில் காந்தம் வைத்து ஜான் மர்ரே கறுப்பு உருண்டைகளை எடுத்தார். விண்ணிலிருந்து வந்தவை என்று அன்றே சொன்னார். நம் காலத்தில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தில் சியாம் பிரசாத்தும் உடன் இருந்தவர்களும் இந்தியப் பெருங்கடல் அடித்தளத்திலிருந்து அதே மாதிரி ஏராளமாகச் சேர்த்தார்கள். வழி அதேதான், காந்தம். 2017-ல் இங்கிலாந்தின் வெள்ளைச் சுண்ணப் பாறையில் கல்லாய்ப்போன விண்துகள்கள் கிடைத்தன. அந்தப் பாறையும் கிரெட்டேசியக் கடலின் படிவு. கருடமங்கலத்துக் கிளிஞ்சல் கல்லை வெட்டி மெருகேற்றி ‘திருச்சினாப்பள்ளி மார்பிள்’ என்று விற்றார்களே, ஏறத்தாழ அந்தக் கல்லின் வயது.

விழும் வழியில் அந்தத் துகளுக்குள் நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. இரும்பும் நிக்கலும் கலந்த பொடி காற்றில் உரசி உருகுகிறது. இரும்பு முந்திக்கொண்டு ஆக்சிஜனிடம் போய்விடும். நிக்கலுக்கு அந்த அவசரம் இல்லை. அது மிச்ச உலோகத்தில் ஒதுங்கி, செறிந்து, சின்ன மணியாகி ஓரத்துக்கு வந்து நிற்கும். சில நொடிகளில் முடிந்துபோகும் காரியம். வெளியே மேக்னடைட் தோல், உள்ளே ஒரு பக்கமாக நிக்கல் மணி.

*

மார்கழி

கூடலூர் கிழார் ஒரு நள்ளிரவில் எரிமீன் விழக் கண்டார். சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரலுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அஞ்சினார். ஏழாம் நாள் அவன் இறந்தான். புறநானூற்றில் 229-ஆம் பாட்டு. விடியற்காலைப் பனியில் மாடிக்கு வந்து நிற்கும்போது இது நினைவுக்கு வரும். விழுந்தது எங்கே விழுந்தது என்று அவர் தேடவில்லை. அவர் கவலை ராஜாவைப் பற்றியது. நமக்கு ராஜா இல்லாததால் கல்லைத் தேடுகிறோம்.

தமிழ்நாட்டில் விழுந்தும் கிடைத்தும் பேர் வாங்கிய கற்கள் உண்டு. 1857 பிப்ரவரி 28-ல் மதுரைச் சீமையில் விழுந்ததை உலகம் பர்னல்லி என்கிறது. 1886 ஜனவரி 27-ல் தென்னார்க்காட்டில் விழுந்தது நம்மியந்தல். இரண்டும் கல் வகை. ஆனால் காந்தம் இரண்டையும் ஒரே மாதிரி இழுக்காது. நம்மியந்தல் வகைக் கல்லில் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இரும்பு-நிக்கல் பொட்டுகள். பர்னல்லி வகையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு. அறுத்து மெருகிட்ட முகத்தில் அந்தப் பொட்டுகள் கல்லுக்குள் வெள்ளி தூவின மாதிரி தெரியும்.

மூன்றாவது கொடைக்கானல். 1898-ல் பழனி மலையில் கிடைத்தது, கிட்டத்தட்ட 16 கிலோ, முழு இரும்பு. முழு இரும்பு என்றாலும் நடுநடுவே கண்ணாடியும் சிலிகேட்டும் பொதிந்தது. அந்தப் பொதிகளின் வயதை அளந்தபோது சுமார் 370 கோடி ஆண்டு என்று வந்தது. விண்கற்களில் பெரும்பாலானவை 450 கோடியைத் தாண்டியவை. ஆக இது இளசு. ஏதோ ஒரு மோதலில் மறுபடி உருகியிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இரும்பை மெருகிட்டு அமிலம் தடவினால் பாய் முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்கும் பட்டைகள் எழும். நிக்கல் குறைந்த பட்டை கமசைட், நிக்கல் கூடினது டேனைட். வியன்னாவில் 1808-ல் இதைப் பார்த்த விட்மன்ஸ்டேட்டனின் பேரில் வழங்குகிறது. நேப்பிள்ஸில் தாம்சன் 1804-லேயே எழுதிவிட்டார். பேர் மற்றவருக்குப் போயிற்று. எந்த உலையிலும் இந்தப் பாயை முடைய முடியாது. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரி, வேகமானால் சில ஆயிரம் டிகிரி என்று ஆற வேண்டும். நாங்கள் கிளிங்கரைச் சில நிமிடத்தில் ஆற வைப்போம். வேகமாக ஆறினால்தான் நல்ல சிமெண்ட். இது அதற்கு நேர் எதிர்த் தொழில்.

ஆறி ஆறி 320 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு இன்னொன்று நடக்கும். டேனைட்டில் நிக்கல் பாதிக்குப் பாதி வந்துவிட்ட இடங்களில் அணுக்கள் வரிசை பிரித்துக்கொள்ளும். பருத்தி ஒரு சால், உளுந்து ஒரு சால் என்று ஊடுபயிர் விதைத்த கொல்லை மாதிரி, இரும்பு ஒரு தளம், நிக்கல் ஒரு தளம், மறுபடி இரும்பு. 1980-ல் இதற்கு டெட்ராடேனைட் என்று பெயர் வைத்தார்கள். கலந்து கிடந்தபோது எளிதில் காந்தம் ஏறி எளிதில் இறங்கிய அதே கலவை, வரிசைப்பட்டதும் பிடிவாதக்காரனாகிவிடுகிறது. ஏறின காந்தத்தை விடாது. ஆலையில் அந்த மூத்தவர் சொன்ன அடுக்குதான், மறுபக்கம். அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் டீயை ஒரு மடக்கு நிறுத்திக் கேட்டிருப்பார்.

விலையுயர்ந்த அருமண் காந்தங்களுக்குப் பதில் இதைச் செய்துவிடலாம் என்று முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிரனோபிளில் 1960-களில் நியூட்ரான் பாய்ச்சிக் கொஞ்சம் வரவழைத்தார்கள். காலத்துக்கு மாற்று தேடுகிற வேலை அது. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் வரவில்லை.

ஆர்வம் வருவது அது வைத்திருக்கும் நினைவில். பட்டை ஓரங்களில் டெட்ராடேனைட் தீவுகள், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்று, அதற்கும் சிறியவை, நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தான் உருவான நேரத்தில் சுற்றியிருந்த காந்தப்புலத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2015-ல் ஜேம்ஸ் பிரைசனும் ரிச்சர்ட் ஹாரிசனும் குழுவினரும் இமிலாக், எஸ்குவெல் என்ற இரு விண்கற்களில் இந்தத் தீவுகளை எக்ஸ்-கதிரில் படித்தார்கள். அந்தக் கற்களின் தாய்க்கோள் சிறியது. அதன் நடுவே உருகிய இரும்பு சுழன்று பூமியைப் போலவே காந்தம் உண்டாக்கி, பிறகு உறைந்து நின்றுபோனது வரை அதில் இருந்தது. கொடைக்கானல் கல்லின் இனத்தைச் சேர்ந்த ஸ்பெயின் நாட்டுக் கொலொமெரா கல்லிலும் இப்படிப் பழைய காந்தத்தின் சுவடு இருப்பதை 2020-ல் கிளாரா மொரேல் குழு காட்டியது.

*

2023-ல் வந்த ஒரு கட்டுரை. படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

பாலைவனத்தில் கல் பொறுக்குகிறவர்கள், விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், அருங்காட்சியகத்தார், எல்லோரும் முதலில் செய்வது காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது. ஒட்டினால் விண்கல்லாக இருக்கலாம். அந்த ஒரு தொடுகையில் கல்லின் பழைய காந்த நினைவில் பெரும்பகுதி அழிந்து, நம் காந்தத்தின் பதிவு ஏறிவிடுகிறது. வெர்வெலிடூ, வைஸ், லாக்ருவா மூவரும் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். ‘கறுப்பழகி’ என்று பேர் பெற்ற செவ்வாய்க் கல் ஒன்று சஹாராவில் கிடைத்தது. அதிலுள்ள சிர்கான் மணிகள் 440 கோடி ஆண்டைத் தாண்டியவை. செவ்வாய்க்குக் காந்தப்புலம் இருந்த காலத்தைச் சொல்லக்கூடிய சாட்சி. அதன் துண்டுகளைச் சோதித்தபோது கைக்காந்தம் எழுதியதே மேலே நின்றது.

டெட்ராடேனைட் தீவுகள் இதற்கெல்லாம் அசையாது, அவ்வளவு பிடிவாதம். மேக்னடைட், கமசைட் எல்லாம் அப்படியில்லை.

அறியத்தான் தொட்டார்கள். யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை. என் குப்பியில் கிடக்கும் உருண்டையும் காந்தத்தில் ஒட்டித்தான் வந்தது. தூசியைத் தூசியிலிருந்து பிரிக்க வேறு வழி எனக்கு இல்லை. ஆனால் உள்ளே போய் ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று மனைவி கேட்டாள். சொன்னேன். “நேத்து வரைக்கும் அதைத்தானே தூக்கிட்டு அலைஞ்சீங்க” என்றாள்.

*

மாசி

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து பழக்கமான விவசாயி ஒருவர் வந்தார். மக்காச்சோளம் அறுத்த கொல்லையில் டிராக்டர் ஓட்டும்போது கலப்பையில் தட்டிய கல்லாம். கோணிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“சார், டிவியில காட்டுறாங்கல்ல, கோடிக்கணக்குல போகுமாம். காந்தம் வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

“ஏற்கனவே வச்சுப் பாத்தீங்களா?”

“இல்ல சார். ஒங்ககிட்டதான் காந்தம் இருக்குன்னு வந்தேன்.”

கை தட்டுப் பக்கம் போனதைக் கவனித்தேன். நிறுத்திக்கொண்டு, பேரனின் திசைமானியை எடுத்துவந்தேன். மேசையில் வைத்து, முள் ஓய்ந்து வடக்கே நிற்கும்வரை காத்திருந்தோம். கல்லை ஒரு சாண் தூரத்திலிருந்து மெல்ல நகர்த்தினேன். நான்கு விரல் தூரத்தில் முள் திரும்பத் தொடங்கியது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. எனக்கும் நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொண்டது, பொய் சொல்வானேன்.

பிறகு சன்னலோரம் கொண்டுபோய்க் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கனம் சரியாகத்தான் இருந்தது. மேல்தோல் கறுப்பு. கலப்பை பெயர்த்த மூலையில் லென்ஸை வைத்தேன். அரிசி வெந்த சட்டியடி மாதிரி குமிழ்க் குழிகள், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒரு குழிக்குள் பச்சைக் கண்ணாடிப் பசை ஓடி உறைந்திருந்தது. விண்கல்லில் இப்படிக் குமிழ் இருப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

“சிட்டம்ங்க. இரும்பு உருக்குன கசடு.”

“சிட்டக்கல்லா?” என்றார். ஏமாற்றம் முகத்தில் நிற்கவே இல்லை. அந்தச் சொல் அவருக்குத் தெரிந்த சொல். “எங்க அப்பாரு காலத்துல வைத்தியர் வந்து கேட்டு வாங்கிட்டுப் போவாரு. ரத்தசோகைக்கு.”

“மண்டூரம்னு சொல்வாங்க.”

“அதான். யாரு சார் எங்க கொல்லையில இரும்பு உருக்குனது?”

அதற்கு என்னிடம் கருவி இல்லை. ஏதோ ஓர் உலையில் நின்றவன் துருத்தியை நிறுத்தியபோது இந்தக் கசடு ஆறத் தொடங்கியிருக்கும். அப்போது அவனைச் சுற்றியிருந்த பூமியின் காந்தப்புலம், அதன் வலு, இதிலுள்ள மேக்னடைட் மணிகளில் ஏறி நின்றிருக்கும். பழைய கசடுகளை வைத்து அந்தந்தக் காலத்துக் காந்தப்புலத்தின் வலுவை அளக்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அதை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நான் இத என்ன சார் பண்ண?”

“வச்சிருங்க. காந்தம் மட்டும் வைக்க விடாதீங்க யாரையும்.”

போன வாரம் அவர் ஊர்ப்பக்கம் போனேன். களத்தோரம் சின்ன வெங்காயம் பட்டறை போட்டு மூடியிருந்தது. தார்ப்பாய் காற்றில் எழும்பாதிருக்க நான்கு மூலையிலும் கல். வடகிழக்கு மூலையில் அது.

“கனமா இருக்கு சார், தூக்கிட்டுப் போவாது” என்றார்.